திரும்பப் பார்த்த படங்களும் தீராத வாதங்களும்

2003ஆம் ஆண்டு பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வெளியானது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘வின்னர்’ வெளியானது. இரண்டையும் இயக்கியவர் சுந்தர் சி. ஆனால் முதல் படத்தைக் கமல்ஹாசன் படம் என்றும், இரண்டாவது படத்தை, அதன் கதாநாயகன் பிரசாந்த் என்பதையும் மறந்து, வடிவேலு படம் என்றும் சொல்வதே நம் வழக்கமாகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டு படங்களும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டைப் பற்றியும் ரசிகர்கள் ஓயாமல் வாதிடுகிறார்கள். அந்த வாதங்களில் இயக்குநரின் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு அரிதாக அடிபடுகிறது என்று தேடிப் போனால், தமிழ் ரசிகன் ஒரு படத்தை எந்த வழியில் மறுபடி சந்தித்தான் என்ற கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

யார் சிறந்த நடிகர், யார் பெரிய இயக்குநர் என்ற வாதம் ரசனையைப் பொறுத்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ரசனைக்கு முன்பே ஒரு கருவி நடுவில் நிற்கிறது என்பது என் எண்ணம். வானொலியில் மறுபடி கேட்ட தலைமுறையும், தொலைக்காட்சியில் பாதியிலிருந்து பார்த்த தலைமுறையும், கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் தலைமுறையும் ஒரே படத்தைப் பற்றிப் பேசும்போதுகூட வெவ்வேறு பொருள்களைப் பற்றியே பேசுகின்றன.

முதலில் காதிலிருந்து தொடங்க வேண்டும். 1952இல் வந்த ‘பராசக்தி’யின் நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் படத்தின் வசனம் யாருடையது என்று கேட்டால் மு. கருணாநிதி என்று உடனே பதில் வரும்; நடித்தவர் யார் என்று கேட்கவே தேவையில்லை. இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு என்பதைச் சொல்வதற்குத்தான் சற்று நேரம் பிடிக்கும். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. கொட்டகையை விட்டுப் போன படம் அந்தக் காலத்தில் மறுபடி கண்ணுக்குக் கிடைப்பது அரிது, காதுக்குத்தான் கிடைத்தது. வானொலியின் ஒலிச்சித்திரத்தில் ஒரு படத்தின் வசனமும் பாடலும் சுருக்கப்பட்டு வரும். கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ இசைத்தட்டு சுழலும். சிவாஜியின் சிவபெருமானும் நாகேஷின் தருமியும் ஊர் முழுக்கக் கேட்கப் பேசிக்கொள்வார்கள். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது 1959இல். அதில் கட்டபொம்மன் ஜாக்சன் துரையை எதிர்த்துப் பேசும் வசனம், படத்தையே பார்த்திராத பிள்ளைகளின் பள்ளி மேடைகளில் பல பத்தாண்டுகள் ஓயாமல் ஒலித்தது.

இப்படித் திரும்பக் கிடைத்த படத்தில் ஒளிப்பதிவு இல்லை, காட்சி அமைப்பு இல்லை, நடிகர் எங்கே நின்றார், எப்போது திரும்பினார் என்பது இல்லை. குரல் மட்டுமே இருக்கிறது. ஆகவே நடிப்பைப் பற்றிய வாதம் குரலைப் பற்றிய வாதமாகவே நடந்தது. ஏற்ற இறக்கம், மூச்சு விடாமல் பேசும் நீளம், தமிழ் உச்சரிப்பின் சுத்தம் ஆகியவையே அளவுகோல்களாயின. சிவாஜி கணேசன் மிகை நடிப்பு நடித்தாரா என்று பின்னாளில் எழுந்த வாதத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. காதுக்காக வளர்ந்த நடிப்பைக் கண்ணால் மட்டும் பார்க்கப் பழகியவர்கள் எடைபோடத் தொடங்கியபோது அந்த மிகை துருத்திக்கொண்டு தெரிந்தது. கடைசி வரிசை வரை குரல் போய்ச் சேர வேண்டிய நாடக மேடையில் வளர்ந்தவர் அவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வாதத்தின் வேகம் கொஞ்சம் தணியும். அடங்கிய நடிப்பு வேண்டும் என்று அவர் முடிவெடுத்த படங்களும் உண்டு; அவை ஒலிபெருக்கிக்கு ஏற்றவையாக இல்லாததால் மறுபடி கேட்கப்படவில்லை.

இந்த இடத்தில் மகேந்திரனைப் பற்றி விரிவாகப் பேசாமல் நகர முடியாது. சிவாஜியின் புகழ்பெற்ற காவல் அதிகாரி வேடம் அமைந்த ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்துக்குக் கதையும் வசனமும் எழுதியவர் அவர். அனல் பறக்கும் வசனத்துக்குப் பெயர்பெற்ற ஒருவர் இயக்குநராகிறார் என்றால் படம் முழுக்க வசனம் இருக்கும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். 1978இல் அவர் எடுத்த ‘முள்ளும் மலரும்’ அதற்கு நேர்மாறாக இருந்தது. உமாசந்திரனின் நாவலை அடிப்படையாகக் கொண்டு, பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவிலும் இளையராஜாவின் இசையிலும் உருவான அந்தப் படத்தில் மலையும் பனியும் மௌனமும் வசனத்தின் வேலையைப் பார்த்தன. வசனம் போதவில்லை என்று தயாரிப்புத் தரப்பில் வருத்தம் எழுந்ததை மகேந்திரனே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொடக்க நாள்களில் திரையரங்குகளில் கூட்டம் இல்லை. பார்த்தவர்கள் பேசிப் பேசித்தான் படம் எழுந்து நின்றது.

அதன் இறுதிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மலையில் வண்டியை இழுக்கும் விஞ்ச் எந்திரத்தை இயக்கும் காளியாக ரஜினிகாந்த்; அவன் உயிராக நினைக்கும் தங்கை வள்ளியாக ஷோபா; அவள் மணக்கப் போகும் பொறியாளர் குமரனாக சரத்பாபு. அண்ணனின் சம்மதம் இல்லாமல், ஊராரின் துணையோடு வள்ளி திருமணத்துக்குப் புறப்பட்டுவிட்டாள். வழியில் ஒரு கையை இழந்த காளி தனியாக நிற்கிறான். அவனைக் கண்டதும் வள்ளி கூட்டத்தை விட்டு ஓடிவந்து அண்ணனோடு சேர்ந்துகொள்கிறாள். காளிக்கு அது போதும். எல்லோரையும்விடத் தன் தங்கைக்குத் தானே பெரிது என்பதை ஊருக்கே காட்டிவிட்ட பெருமிதம் அவன் முகத்தில் பொங்குகிறது. பிறகு அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று குமரனின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

அந்தக் காலத்துப் படம் ஒன்றில் கதாநாயகன் இந்த இடத்தில் திருந்தியிருக்க வேண்டும். காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தது, தான் தவறாகப் புரிந்துகொண்டதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். காளி எதையும் செய்வதில்லை. அவன் சுபாவம் அப்படியே இருக்கிறது, அன்பும் அப்படியே இருக்கிறது. இந்தக் காட்சியை ஒலிச்சித்திரமாகக் கேட்டால் ஒரு முரட்டு அண்ணனின் வாய்த்துடுக்காக மட்டுமே மிஞ்சும். கண்ணால் மறுபடி பார்த்தால்தான், பேசுவதற்கு முன்பு ரஜினியின் முகத்தில் ஓடும் மாற்றங்களும், சுற்றி நிற்கும் ஊரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று மகேந்திரன் எடுத்த முடிவும் தெரியும். ரஜினியின் ஆகச் சிறந்த நடிப்பு எது என்ற வாதத்தில், அவருடைய வேகத்தையும் ஸ்டைலையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர்கள்கூட இந்தப் படத்தில் வந்து ஒன்றுபடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டுகளில்தான் இயக்குநர் என்றொருவர் ரசிகர் மனத்தில் தனியாக உருப்பெற்றார். ஸ்ரீதருக்கும் கே. பாலசந்தருக்கும் முன்பே அந்த மதிப்பு இருந்தது உண்மை. 1977இல் ‘16 வயதினிலே’ படத்தோடு வந்த பாரதிராஜா, பின்னாளில் ‘என் இனிய தமிழ் மக்களே’ என்று தன் குரலிலேயே ரசிகர்களை வணங்கிவிட்டுப் படத்தைத் தொடங்கலானார். இயக்குநரும் தமிழனின் காது வழியாகவே வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. ஞாயிறு மாலையில் தூர்தர்ஷன் போடும் ஒற்றைப் படத்துக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலத்தில், எந்தப் படத்தை மறுபடி பார்ப்பது என்பதை ரசிகன் தீர்மானிக்க முடியாது. வீடியோ கேசட் ஓட்டும் டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படங்கள் பார்த்தவர்களுக்குத்தான் முதன்முறையாகத் தேர்வு என்பது கிடைத்தது. 1993இல் சன் டிவியும் 2001இல் நாள் முழுக்கப் படம் காட்டும் கே டிவியும் வந்தபின் நிலைமை தலைகீழானது. படம் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. சமையலுக்கு நடுவில், சாப்பாட்டுக்கு நடுவில், விளம்பர இடைவெளிகளுக்கு நடுவில், எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ விடப்பட்டது. பத்து முறை பார்த்த படத்தின் முதல் பத்து நிமிடங்களை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள்.

இப்படிப் பார்க்கும்போது முழுப்படம் மறைந்து காட்சி மட்டும் உயிர்பிழைக்கிறது. ‘வின்னர்’ படத்தின் கைப்புள்ளையும் அவனுடைய வருத்தப்படாத வாலிபர் சங்கமும் கதையை விட்டுக் கழன்று வந்து தனி வாழ்வு வாழ்ந்தது இதனால்தான். வடிவேலுவின் நடையும் விழியும் வலி தாங்கும் முகமும் மறுபடி மறுபடி வந்தன. அந்த நகைச்சுவைக்கு இடம் வகுத்த திரைக்கதையும், அடி விழும் கணத்தைச் சரியாகப் பிடித்த இயக்கமும், வெட்டும் இடம் அறிந்த படத்தொகுப்பும் கண்ணில் படவில்லை. நகைச்சுவைக் காட்சிகளுக்கென்றே தனிச் சேனல்கள் வந்தபோது இந்தப் பிரிப்பு முழுமை பெற்றது. மற்றொரு சேதம் வெளியே தெரியாமலே நடந்தது. அகலத்திரையில் எடுத்த படங்களைப் பழைய சதுரமான தொலைக்காட்சிப் பெட்டிக்குள் அடைக்க இருபுறமும் வெட்டினார்கள். காட்சிச் சட்டத்தின் (ஃபிரேமின்) ஓரத்தில் இயக்குநர் திட்டமிட்டு நிறுத்திய ஆள் காணாமல் போனார். நடுவில் நிற்கும் நட்சத்திரத்தின் முகம் பெரிதானது. அப்படிப் பார்த்து வளர்ந்த நமக்கு நடிகர் மட்டுமே நினைவில் தங்கியதில் வியப்பில்லை.

ஆயினும் ‘அன்பே சிவம்’ படத்துக்கு வாழ்வு கொடுத்ததும் அதே தொலைக்காட்சிதான். திரையரங்கில் படம் ஏமாற்றத்தையே சந்தித்தது. பண்டிகை நாளில் கமல் படம் என்று உள்ளே போனவர்களுக்கு முகத்தில் தழும்பும் கண்ணில் தடித்த கண்ணாடியும் கொண்ட ஒரு பொதுவுடைமைக்காரர் புவனேஸ்வர் விமான நிலையத்தில் காத்திருந்தார். எப்போது கதை தொடங்கும் என்று காத்திருந்தே பாதிப் படம் போனது. மறுபடி பார்க்கிறவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மாதவனின் அன்பரசு மணக்கப் போகும் பெண், கமலின் நல்லசிவம் முன்பு காதலித்தவள் என்பது நமக்குத் தெரியும். பயணத்தில் அவனுக்கு உதவிக்கொண்டே வரும் நல்லசிவத்துக்குத் தெரியாது. முதல்முறை வெறும் வழித்துணை அரட்டையாகக் கேட்ட ஒவ்வொரு பேச்சும் அந்த அறிவோடு கேட்கும்போது கனக்கிறது. அடிபட்ட சிறுவனுக்கு ரத்தம் கொடுத்தும் காப்பாற்ற முடியாமல் அன்பரசு உடைந்து அழும் இடத்தில், முன்பின் தெரியாத உயிருக்காகக் கலங்கும் மனத்தைக் கடவுள் என்று நல்லசிவம் சொல்வது முதல்முறை கருத்தாகக் கேட்கிறது. அடுத்த முறை அந்தக் கருத்தைச் சொல்கிறவர் எதையெல்லாம் இழந்தவர் என்பது நம் நினைவில் நிற்கிறது. சுனாமி என்ற சொல்லை அந்தப் படத்தில் கேட்டவர்களுக்கு 2004 டிசம்பருக்குப் பிறகு அது வேறு பொருளில் ஒலித்ததும் சேர்ந்துகொண்டது.

கதையை எழுதியவர் கமல்ஹாசன், வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி. கமலே பின்னின்று இயக்கியிருப்பார் என்று உறுதியாகப் பேசும் ரசிகர்கள் உண்டு. இந்த இடத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. முதல் பாதியில் இரு மனிதர்களுக்கு இடையே ஓடும் இலகுவான நகைச்சுவை, ‘உள்ளத்தை அள்ளித்தா’ எடுத்த கையிலிருந்து வந்ததுதான். தத்துவம் பேசும் படம் பிரசங்கமாகிவிடாமல் தடுத்தது அந்த இலகுதான். எழுத்தின் கனத்தைக் கமலுக்கும் காட்சியின் ஓட்டத்தைச் சுந்தருக்கும் பிரித்துக் கொடுப்பதில் யாருடைய பெருமையும் குறையாது.

முடிவு தெரிந்த படத்தை ஏன் மறுபடி பார்க்கிறோம் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1982இல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியை முதல்முறை பார்க்கிறவரின் கண் ரயில் ஜன்னலில் இருக்கும். ஸ்ரீதேவி அடையாளம் கண்டுகொள்வாரா என்ற ஒரே தவிப்புதான். மாட்டார் என்று தெரிந்தபின் பார்க்கிறவரின் கண் கேத்தி ரயில் நிலையத்தின் நடைமேடைக்குத் திரும்பும். அங்கே கமல் நொண்டிக்கொண்டு, பானையைத் தலையில் வைத்து, குரங்காட்டம் ஆடி, தான் யார் என்று காட்டத் துடிக்கும் துடிப்பு முழுதாகத் தெரியும். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்கும் கிடைத்தது. பரபரப்பு பறித்துக்கொண்ட கவனத்தை மறுபார்வை திருப்பித் தருகிறது. அந்தக் கவனம் நடிகரின் உடலிலிருந்து மெல்ல நகர்ந்து, காமிரா ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் போகிறது.

கைப்பேசியிலும் இணையத்திலும் படம் கிடைக்கத் தொடங்கியபின் அந்த நகர்வு விரைவுபட்டது. நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், ஒற்றைச் சட்டத்தைப் படமாகப் பிடித்து நண்பருக்கு அனுப்பலாம். செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’யும் (2006) ‘ஆயிரத்தில் ஒருவ’னும் (2010) இந்தக் காலத்தில் பெற்ற மதிப்பு அவை வெளியானபோது பெற்றதைவிடப் பல மடங்கு. இரண்டாவது படத்தின் பிற்பாதியில் சோழர்கள் பேசும் பழந்தமிழ் திரையரங்கில் காதில் விழுந்து புரிவதற்குள் காட்சி மாறிவிடும். படத்தின் நீளத்தையும் வெளியீட்டுக்குப் பிறகு குறைத்துவிட்டார்கள். வீட்டில் பின்னோக்கி ஓட்டிக் கேட்டவர்களுக்கு அந்தப் பேச்சு புரிந்தது. ரீமா சென் ஏற்ற அனிதா பாண்டிய வழியினர் என்பது தெரிந்தபின் முதல் பாதியில் அவர் காட்டும் அவசரங்கள் விளங்கின. தன் மக்களின் பசிக்கு விடை இல்லாத அரசனாகப் பார்த்திபன் ஆடும் ஆட்டம் எவ்வளவு பெரிய துயரம் என்பது பிடிபட்டது. 2021 டிசம்பர் 31 அன்று அது மீண்டும் திரையரங்குக்கு வந்தபோது, முதல்முறை கைவிட்ட படத்திடம் கடன் தீர்ப்பதுபோல் கூட்டம் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தோற்ற படமெல்லாம் காலத்தை முந்திய படம் என்ற முடிவுக்குத் தாவுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நிறுத்திப் பார்க்கும் வசதி தற்செயல்களையும் திட்டமாகக் காட்டிவிடும். சுவரில் தொங்கும் நாள்காட்டிக்கெல்லாம் பொருள் தேடத் தோன்றும். மறுபார்வை படத்தைக் கீழே இறக்குவதும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிக்க வைக்கும் காட்சிகளுக்கும், உடற்குறையைச் சிரிப்புப் பொருளாக்கும் காட்சிகளுக்கும் ஒருகாலத்தில் குடும்பத்தோடு சிரித்தோம். இன்று மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே காட்சிகளைப் பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. பிடித்த படத்தின் மீது வரும் இந்தக் கூச்சத்தை மறைக்காமல் பேசுகிறவரின் வாதத்தையே நான் நம்புகிறேன்.

பழைய படங்கள் திரையரங்குக்குத் திரும்புவது 2012இல் ‘கர்ணன்’ படத்தால் புதுவேகம் பெற்றது. 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த அந்தப் படம் டிஜிட்டலில் செப்பனிடப்பட்டு வெளியாகி நூறு நாள்களைத் தாண்டி ஓடியது. மங்கிய பிரதியில் பார்த்துப் பழகியவர்கள் தேரோட்டத்தையும் அரண்மனை அரங்கத்தையும் உரிய நிறத்தில் பார்த்து, பந்துலு எவ்வளவு பெரிய காட்சியமைப்பாளர் என்று பேசத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் சிவாஜிக்கும் என்.டி. ராமராவுக்கும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் பாடல்களுக்கும் இடையே நின்றுவிட்டிருந்தது. நல்ல பிரதி ஒன்று கிடைத்ததால் மட்டுமே ஓர் இயக்குநருக்கு அரை நூற்றாண்டு கழித்து நியாயம் கிடைத்தது என்பதை நினைத்தால், நல்ல பிரதி இல்லாத எத்தனை படங்களின் இயக்குநர்களைப் பற்றி நாம் பேசாமலே இருக்கிறோம் என்ற கவலை எழுகிறது. மூலச் சுருள்கள் அழிந்துபோன படங்களுக்கு எந்த வாதத்திலும் இடம் இல்லை.

2024 ஏப்ரலில் ‘கில்லி’ மீண்டும் வெளியானபோது நடந்தது மற்றொரு வகை. தரணி இயக்கிய அந்தப் படம் தெலுங்கு ‘ஒக்கடு’வின் மறுவாக்கம், முதலில் வெளியாகி அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அரங்கில் உட்கார்ந்திருந்த இளைஞர்களில் பலர் முதல் வெளியீட்டின்போது பிறந்தே இருக்க மாட்டார்கள் அல்லது கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். படம் அவர்களுக்குத் தொலைக்காட்சி வழியாக வந்தது. விளம்பர இடைவெளிகள் எங்கே வரும் என்பது உட்பட அவர்களுக்கு மனப்பாடம். பிரகாஷ்ராஜின் முத்துப்பாண்டி ‘செல்லம்’ என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே அரங்கு முழுவதும் அதைச் சொல்லி முடித்திருந்தது. விஜய்யின் வசனங்களுக்கும் அதே கதிதான். திரையில் உதடு அசைந்தது, குரல் அரங்கிலிருந்து வந்தது. ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ கேட்டு, தருமியின் வரிகளை முந்திக்கொண்டு சொன்ன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

அந்த ஆரவாரத்தின் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூட்டமாகக் கூடி ஒரு படத்தை வாயால் திரும்பச் சொல்வது தமிழர்களுக்குப் பழகிய கொண்டாட்டம். அதே அரங்கில் ஒருநாள், நல்ல பிரதியில் ‘உதிரிப்பூக்கள்’ திரையிட வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி 1979இல் மகேந்திரன் எடுத்த படம் அது. கடைசியில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, நீருக்குள் இறங்கச் சொல்லி நிற்கும். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான் என்ற பொருளில் அவன் பேசிவிட்டுத் தண்ணீரில் இறங்குவான். வாய்விட்டு முந்திச் சொல்ல ஏற்ற வசனம் அல்ல அது. அந்த நேரத்தில் அரங்கிலிருக்கும் முந்நூறு நானூறு பேரும், திரையில் நிற்கும் அந்த ஊராரைப் போலவே, அவன் இறங்குவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.